திரைக்குப் பின்னே அமர்ந்து படித்த மருத்துவர்

பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்திற்கு அடையாறு வழியாக வரும் அன்பர்கள் பெசன்ட் அவென்யூ சாலையை நன்கு அறிவார்கள். பிரம்மஞான சபையின் நெடிய மதிற்சுவரும் மரநிழலுமாக இருக்கும் அந்தப் பகுதியில்தான் அவ்வை இல்லம் இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவில், காந்தி நகர் கால்வாய்க்கரைச் சாலையில், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அந்த மருத்துவமனையின் படிகளில் ஒருமுறையாவது ஏறாத குடும்பம் நம் பங்குகளில் அரிது. ஒன்று ஆதரவற்ற சிறுமியரின் இல்லம். மற்றொன்று நாடறிந்த மருத்துவமனை. இரண்டுக்கும் வித்திட்டவர் ஒரே பெண்மணி. அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் (1886-1968).

சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண், தேவதாசி முறை ஒழியப் பாடுபட்டவர் என்று நம் பிள்ளைகளின் பாடநூல்கள் அவரைப் பற்றிச் சொல்கின்றன. அவை உண்மையே. ஆனால் இன்று நாம் சிந்திக்க விரும்புவது அவர் வாழ்வின் வேறொரு பக்கத்தை. ஒரு சிறிய சமஸ்தானத்துக் கல்லூரியில் இரண்டாண்டு படித்த பெண், யாரும் எதிர்பாராத மருத்துவப் பட்டப்படிப்புக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்? போய்ச் சேர்ந்தபின், தமக்குப் பின்னால் வரும் பெண்களுக்காக என்ன செய்தார்? பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு மே மாதமும் பங்கு அலுவலகங்களுக்கு வரும் பெற்றோரின் முகங்களைப் பார்க்கிற நமக்கு, இந்தக் கேள்விகள் பழங்கதையாகத் தோன்றவில்லை.

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், கோயில் ஆடல் பாடலோடு தொடர்புடைய, அந்நாளில் தேவதாசிக் குலம் என்று சொல்லப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். இந்தத் திருமணத்திற்காக நாராயணசாமி ஐயரை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். ஆகவே குழந்தை முத்துலட்சுமி வளர்ந்தது தந்தை வழி உறவுகளின் வாசல் அடைபட்ட ஒரு வீட்டில். தாய் வழி உறவினரோடு அவருக்கு நெருக்கம் இருந்தது. அந்தக் குடும்பங்களில் பெண்கள் பட்ட துயரத்தைச் சிறுவயதிலேயே கண்ணால் கண்டார். பிற்காலத்தில் சட்டமன்றத்தில் அவர் பேசியதெல்லாம் நூலில் படித்துத் தெரிந்துகொண்டதல்ல.

பெண் பருவம் எய்தினால் பள்ளிப்படிப்பு முடிந்தது என்பது அக்கால வழக்கம். முத்துலட்சுமியின் பள்ளி வாழ்வும் அப்படியே நின்றது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. தந்தையே வீட்டில் ஆசிரியரானார். மகளுக்குத் திருமணம் செய்துவைக்க வேண்டுமே என்ற கவலை தாய்க்கு. மகள் இன்னும் படிக்கட்டும் என்ற எண்ணம் தந்தைக்கு. பெண்பிள்ளையைப் பெற்ற எந்த வீட்டில்தான் இந்த இழுபறி இல்லை? தாயின் கவலையையும் நாம் குறைசொல்ல முடியாது. அந்த ஊரில், அந்தக் குலப்பெயரோடு, திருமணமாகாத பெண்ணின் நிலை என்னவாகும் என்பதை அந்தத் தாயைவிட யார் அறிந்திருக்க முடியும்? 1902இல் முத்துலட்சுமி வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிக்குலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார்.

அடுத்து என்ன? புதுக்கோட்டையில் இருந்தது ஒரே கல்லூரி, மகாராஜா கல்லூரி. அது ஆண்கள் கல்லூரி. அன்றைய முறைப்படி அங்கே எஃப்.ஏ. என்னும் இரண்டாண்டு வகுப்பு நடந்தது. இன்றைய பிளஸ் ஒன், பிளஸ் டூ போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டாண்டைத் தாண்டாதவர் பட்டப்படிப்புக்கோ மருத்துவத்திற்கோ போக முடியாது. தந்தையே முதல்வராக இருந்த கல்லூரியின் வாசலில் நின்று மகள் இடம் கேட்க வேண்டியதாயிற்று. எதிர்ப்பு எழுந்தது. பெண் ஒருத்தி வகுப்பில் இருந்தால் பையன்களின் மனம் கெட்டுவிடும் என்றார்கள். அவளுடைய தாயின் குலத்தைச் சுட்டிக்காட்டியும் பேசினார்கள். மகனை வேறு கல்லூரிக்கு அனுப்பிவிடுவோம் என்று மிரட்டிய பெற்றோரும் உண்டு. இறுதியில் முடிவெடுத்தவர் மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். எதிர்ப்புகளை ஒதுக்கிவிட்டு, இந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் உத்தரவிட்டார். 1904இல் முத்துலட்சுமி மகாராஜா கல்லூரியின் முதல் மாணவி ஆனார்.

இடம் கிடைத்தது. ஆனால் எப்படிப்பட்ட இடம்? மூடிய வண்டியில் கல்லூரிக்கு வரவேண்டும். வகுப்பில் மற்ற மாணவர்கள் பார்க்க முடியாதபடி ஒரு திரைக்குப் பின்னே அமரவேண்டும். பாடம் முடிந்ததும் அவர் வெளியேறிய பிறகே மற்றவர்கள் எழவேண்டும். சேர்த்துக்கொண்டோம் என்று பெயருக்குச் சொல்லிக்கொண்டே ஒருவரைத் தள்ளிவைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை. இன்று துணித்திரை கிடையாது. ஆனால் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும் வகுப்பில், தமிழ்வழியில் படித்து வந்த மீனவர் குப்பத்து மாணவி முதல் ஆறு மாதம் வாய் திறக்காமல் அமர்ந்திருக்கிறாளே, அவளுக்கும் வகுப்புக்கும் நடுவே இருப்பது என்ன?

முத்துலட்சுமி அந்தத் திரைக்குப் பின்னே இருந்து எஃப்.ஏ. தேர்ச்சி பெற்றார். சொந்த ஊரிலேயே ஓர் ஆசிரியை வேலையில் அமர்ந்திருக்கலாம். அதுவே அந்நாளில் பெரிய சாதனைதான். அவர் மனமோ மருத்துவத்தை நாடியது. அந்தப் படிப்புக்குச் சென்னைக்குச் செல்ல வேண்டும்.

இங்கே சற்று நின்று ஒரு செய்தியைக் கவனிப்போம். சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவை மூடி வைத்திருந்த இடம் அல்ல. 1875ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணியையும் வேறு மூன்று பெண்களையும் அது சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தின் பல கல்லூரிகளே பெண்களுக்கு இடம் தராத காலம் அது. அந்தப்புரப் பெண்கள் ஆண் மருத்துவரைப் பார்க்க மறுத்துப் பிரசவத்தில் மாண்டுபோவதைக் கண்டே ஷார்லீப் மருத்துவம் படிக்க வந்தார். 1878இல் கிருபாபாய் என்ற இந்தியக் கிறிஸ்தவப் பெண் அங்கே சேர்ந்து, உடல்நலம் இடம் கொடாததால் ஓராண்டில் படிப்பை விட்டார். பின்னாளில் அவரே கிருபாபாய் சத்தியநாதன் என்ற பெயரில் நாவலாசிரியராக அறியப்பட்டார். கல்கத்தாவில் பெண்களுக்கு இடமில்லை என்பதால் அபலா தாஸ் என்ற வங்காளப் பெண் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றார். ஆக, சட்டப்படி வாசல் திறந்தே இருந்தது. அப்படியிருந்தும் 30 ஆண்டுகள் கழித்து முத்துலட்சுமி வந்தபோது, நம் பெண்கள் அங்கே அரிதாகவே காணப்பட்டார்கள்.

காரணம் என்ன? திறந்த வாசல் வரை வந்துசேர வழி இல்லை. எஃப்.ஏ. படிக்கப் பெண்களுக்குப் போதிய கல்லூரிகள் இல்லை. சென்னையில் இராணி மேரி கல்லூரி தொடங்கியது 1914இல், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி 1915இல். வெளியூர்ப் பெண் தங்கிப் படிக்கப் போதிய விடுதி இல்லை. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பணம் இல்லை. இவை எல்லாம் இருந்தாலும், போய் வா மகளே என்று அனுப்பும் பெற்றோர் இல்லை. முத்துலட்சுமிக்கு இவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் மூலமாகக் கிடைத்தது. கல்லூரியில் இடம் கிடைத்தது மன்னரின் உத்தரவால். மருத்துவப் படிப்புக்கு உதவித்தொகை தந்ததும் அந்த மன்னரே. துணைநின்று அனுப்பியவர் தந்தை. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் பெசன்ட் அவென்யூவில் அவ்வை இல்லம் இல்லை, காந்தி நகரில் மருத்துவமனை இல்லை.

மாணவர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுப்பது பங்குத் தந்தையரின் பணிகளில் ஒன்றாகிவிட்டது. கடிதம் எழுதுவது எளிது. அந்தப் பிள்ளை தங்கும் இடத்தையும், முதல் ஆண்டின் பேருந்துச் செலவையும், ஒரு பாடத்தில் தவறிவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதையும் கேட்டு ஏற்பாடு செய்கிறவர்கள் குறைவு. புதுக்கோட்டை மன்னர் வெறும் கடிதத்தோடு நின்றுவிடவில்லை என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்வோம்.

1907இல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல் வலுவில்லாதவர். பெண்கள் தங்கள் வகுப்பில் அமர்வதை விரும்பாத பேராசிரியர்களும் இருந்தார்கள். அறுவை சிகிச்சை பெண்ணுக்கு ஆகாது என்ற எண்ணம் பரவலாக இருந்த காலத்தில், அறுவை சிகிச்சைப் பாடத்தில் சிறந்து விளங்கினார். பதக்கங்களும் பரிசுகளும் பெற்று 1912இல் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக அமர்ந்த முதல் பெண்ணும் இவரே. சரோஜினி நாயுடு, அன்னி பெசன்ட் ஆகியோரின் தொடர்பு இந்த ஆண்டுகளில்தான் அவருக்கு வாய்த்தது. அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயரைத்தான் நம் பெசன்ட் நகர் தாங்கி நிற்கிறது என்பதை இளையோர் பலர் அறியமாட்டார்கள்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் பணிக்குத் தடை சொல்லக் கூடாது என்று முன்பே கேட்டுக்கொண்டு, 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதி, சடங்கு இன்றி நடந்த திருமணம் அது. கணவர் அந்த வாக்கைக் காத்தார்.

அரசியல் வாழ்வைச் சுருக்கமாகவே சொல்லிச் செல்வோம். 1925இல் பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றிய மேற்பயிற்சிக்காக அரசு உதவித்தொகையோடு இங்கிலாந்து சென்றார். 1926இல் பாரிஸில் நடந்த பன்னாட்டுப் பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டார். திரும்பி வந்ததும், அடையாற்றில் 1917இல் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டார். மருத்துவத் தொழிலை விட்டுவிட வேண்டியிருக்குமோ என்று முதலில் தயங்கினாராம். 1927இல் அம்மன்றத்தின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தத் தீர்மானம் கொண்டுவந்தார். முழுமையான தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது.

இந்தச் சட்டத்தைப் பற்றி இன்று வேறு குரல்களும் கேட்கின்றன. அந்தச் சமூகத்துப் பெண்களில் ஒரு பகுதியினர் அன்றே அதை எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் கலைஞர்கள் அவர்களுள் இருந்தார்கள். தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும், தங்களை எல்லாம் ஒரே பழிச்சொல்லால் சுட்டுகிறார்கள் என்பது அவர்கள் முறையீடு. அதில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட முடியாது. முத்துலட்சுமி அம்மையாரின் பேச்சில் ஒரு மருத்துவரின் கண்டிப்பு இருந்தது. நோயைப் பார்த்த அளவுக்குக் கலையைப் பார்க்கவில்லை எனலாம். அதே சமூகத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ ஒழிப்பின் பக்கமே உறுதியாக நின்றார். நம் கருத்தில், சட்டம் இயற்றியதோடு அம்மையார் நின்றிருந்தால் அவர் மீதான குறை பெரிதாகியிருக்கும். விடுபட்டு வரும் சிறுமி எங்கே போவாள் என்ற கேள்விக்கு அவர் தம் வீட்டையே விடையாகத் தந்தார். அதைத்தான் இனிச் சொல்லப் போகிறோம்.

1928-29இல் இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். பல மாகாணங்களுக்குச் சென்று பெண்கல்வியின் நிலையை நேரில் பார்த்தார். பள்ளி கட்டினால் மட்டும் போதாது, பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க இடம் வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. சட்டமன்றத்தில் இருந்தபோது இஸ்லாமிய மாணவியருக்கு விடுதி வேண்டும், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவியருக்கு உதவித்தொகை வேண்டும், பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றெல்லாம் வாதாடினார். 1930இல் உப்புச் சத்தியாகிரகத்தையொட்டிக் காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது பதவியை விட்டு விலகினார்.

அந்த ஆண்டில்தான், பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பிவந்த சில சிறுமிகள் அவருடைய வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு இடம் கேட்டுச் சென்னையிலிருந்த மாணவியர் விடுதிகளை அம்மையார் அணுகினார். பிராமண விடுதியும் மறுத்தது, பிராமணரல்லாதார் விடுதியும் மறுத்தது. சாதியால் பிரிந்து கிடந்த விடுதிகள் இந்தச் சிறுமிகளை மறுப்பதில் மட்டும் ஒன்றுபட்டன. பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் கேட்டும் இடம் கிடைக்கவில்லை என்றால், கேட்பதற்கு ஆளே இல்லாத சிறுமியின் நிலை என்ன? அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அதுவே அவ்வை இல்லத்தின் தொடக்கம். ஒரு சிறுமிக்குத் தாயின் பெயர் மட்டுமே தெரிந்திருந்தாலும், சாதி எதுவென்று தெரியாவிட்டாலும், அங்கே இடம் உண்டு. 1936இல் இல்லம் அடையாற்றில் இன்றைய இடத்திற்கு வந்தது. பிறகு பள்ளியும், ஆசிரியர் பயிற்சி வகுப்பும் வளர்ந்தன. அங்கே வளர்ந்த பெண்கள் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் பணிக்குச் சென்றார்கள்.

இல்லத்தின் பெயரிலும் ஒரு பொருத்தம் உண்டு. திருமணம், குலம் என்ற அடையாளங்களைத் தாண்டி, கல்வியால் மட்டுமே ஊரெங்கும் மதிக்கப்பட்ட மூதாட்டி அவ்வை. சிறுமியருக்கு வேறு யாருடைய பெயரைச் சூட்டியிருக்க முடியும்?

1936ஆம் ஆண்டு நம் திருச்சபைக்கும் ஒரு வகையில் நினைவில் நிற்க வேண்டிய ஆண்டு. பிறரைப் பற்றிப் பேசும்போது நம் வீட்டையும் பார்த்துக்கொள்வது நல்லது. அருட்சகோதரிகள் நோயாளிகளைப் பராமரிக்கலாம், ஆனால் மகப்பேறு மருத்துவம் பார்க்கக் கூடாது என்ற தடை திருச்சபையில் நெடுங்காலம் இருந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன் இந்தியப் பெண்களின் பிரசவச் சாவுகளைக் கண்டு, இந்தத் தடையை நீக்கும்படி உரோமைக்குத் திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார். அனுமதியைக் காணாமலேயே 1913இல் இறந்தார். அவர் காட்டிய வழியில் மருத்துவம் படித்த அன்னா டெங்கல் 1925இல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நல்ல வருமானத்தோடு இருந்த டாக்டர் மேரி குளோரி, 1920இல் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்கு வந்து துறவியானார். அவருக்கு மட்டும் திருத்தந்தையின் தனி அனுமதி கிடைத்தது. பொதுவான அனுமதி 1936 பிப்ரவரியில்தான் வந்தது. முத்துலட்சுமி மருத்துவரான 24 ஆண்டுகளுக்குப் பிறகு! சகோதரி மேரி குளோரி 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கினார். இந்தியாவில் ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டும் என்ற அவருடைய கனவு, அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1963இல் பெங்களூரு புனித யோவான் மருத்துவக் கல்லூரியாக நிறைவேறியது.

எஃப்.ஏ. முடித்த பெண் மருத்துவத்திற்குப் போனதைப் பார்த்தோம். இன்றும் இப்படிப்பட்ட நடுவழிப் படிக்கட்டுகள் உண்டு. சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் 1996இல் சென்னைச் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. பள்ளியில் இடைநின்றவர்களும் பிளஸ் டூவில் தவறியவர்களும் தொழில் கற்றுக்கொள்ள அது வழி செய்தது. அதைத் தொடர்ந்து தமிழகமெங்கும் சமுதாயக் கல்லூரிகள் தோன்றின. மருத்துவமனை உதவியாளர் பயிற்சி அவற்றில் பலவற்றில் இடம்பெற்றது. அந்தப் பயிற்சி பெற்ற பெண்கள் எத்தனையோ குடும்பங்களைத் தாங்குகிறார்கள். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. உதவியாளராகச் சேர்ந்த பெண் அங்கேயே நின்றுவிட வேண்டுமா, அல்லது பட்டம் வரை ஏறிச்செல்ல அவளுக்கு ஏணி இருக்கிறதா?

ஏணிகள் சில உண்டு. அவற்றைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. செவிலியர் பட்டயப் படிப்பு முடித்தவர்கள் இரண்டாண்டு படித்து பி.எஸ்சி. செவிலியர் பட்டம் பெறலாம். மருந்தாளுநர் பட்டயம் பெற்றவர்கள் பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர்கள் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். உயிரி மருத்துவப் பொறியியலும் அதில் அடங்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. நீட் தேர்வு வந்தபின் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்த அரசுப் பள்ளி மாணவர்கள், அந்த ஓராண்டிலேயே நூற்றுக்கணக்கில் மருத்துவக் கல்லூரிகளுக்குள் வந்தார்கள். 2021இல் பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் அந்த ஒதுக்கீடு விரிந்தது. ஊரூர், ஆல்காட் குப்பம், ஓடைக்குப்பம் பகுதிகளில் படிக்கும் நம் பிள்ளைகளில் இதற்குத் தகுதியுள்ளவர்கள் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே இந்தச் செய்தி அவர்கள் காதில் விழுந்தால் பிளஸ் ஒன்னில் உயிரியல் பிரிவை எடுப்பார்கள். பிளஸ் டூ முடிவு வந்தபின் சொல்லிப் பயன் இல்லை. அன்பியக் கூட்டங்களில் பேச இதைவிட உடனடியான செய்தி நமக்குத் தோன்றவில்லை.

அம்மையாரின் வாழ்வுக்குத் திரும்புவோம். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். தாம் மருத்துவராக இருந்தும் தங்கையைக் காக்க முடியவில்லை என்ற வேதனை அவரை விடவில்லை. இங்கிலாந்தில் இருந்தபோது இலண்டன் புற்றுநோய் மருத்துவமனையைச் சென்று பார்த்தார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், நம் ஊருக்கும் அப்படி ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். அதன்பின் ஏறக்குறைய 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறக்கத்தானே போகிறார், அதற்கெதற்குத் தனி மருத்துவமனை என்பதே அன்று பொறுப்பில் இருந்தவர்களின் எண்ணம். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கி, வீடு வீடாகவும் நிறுவனம் நிறுவனமாகவும் பணம் திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள், 12 படுக்கைகளோடு மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. அப்போது அம்மையாருக்கு வயது 67. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் தலைமை மருத்துவராகப் பொறுப்பேற்றார்.

அடுத்த ஆண்டு அங்கே ஓர் இளம்பெண் மருத்துவர் வந்து சேர்ந்தார். மயிலாப்பூரில் பிறந்த அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. வளமான எதிர்காலம் உள்ள அந்த அரசுப் பணியை விட்டுவிட்டு, எப்போது மூடப்படுமோ என்று பலரும் நினைத்த 12 படுக்கை மருத்துவமனைக்கு அவர் வந்தது பலருக்கு வியப்பாக இருந்தது. அவர்தான் டாக்டர் சாந்தா. முத்துலட்சுமி சேர்ந்த காலத்தில் பெண்கள் அரிதாயிருந்த அதே கல்லூரியிலிருந்து, ஒரு தலைமுறைக்குள், அவர் தொடங்கிய பணியை ஏற்று நடத்த ஒரு பெண் வந்துவிட்டார்.

1956இல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968 ஜூலை 22ஆம் நாள், 82 வயது நிறைய எட்டு நாள்கள் இருக்கையில், சென்னையில் இறந்தார். அவர் பெயரிலேயே ஏழை எளிய தாய்மாருக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டத்தைத் தமிழக அரசு நடத்துகிறது. நம் பங்கின் இளம் தாய்மார் பலர் அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டிருப்பார்கள்.

புற்றுநோய் மருத்துவமனையில் 1984இல் புற்றுநோயியலுக்கென்றே ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. புற்றுநோய் மருத்துவத்தில் உயர்சிறப்புப் பட்டப்படிப்பை நாட்டில் முதலில் தொடங்கியது அதுவே. அதற்கும் முத்துலட்சுமி அம்மையாரின் பெயரே சூட்டப்பட்டது. டாக்டர் சாந்தா 2005இல் மகசேசே விருது பெற்றார். மருத்துவமனை வளாகத்திலேயே ஒரு சிறிய குடியிருப்பில் தங்கி, தம் 93ஆம் வயதில், 2021 ஜனவரி 19ஆம் நாள் மறையும் வரை அங்கேயே பணிபுரிந்தார். 12 படுக்கைகளோடு தொடங்கிய இடத்தில் இன்று நூற்றுக்கணக்கான படுக்கைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும் பகுதி, பணம் கட்ட இயலாதவர்களுக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது.